மேல்தட்டு டப்பா

டப்பாவின் மேல் வரைந்திருந்த மண்டையோட்டைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, களிமண் மாமா உள்ளே இருந்த வெள்ளைப் பொடியில் மூன்று கரண்டி அள்ளித் தன் டீயில் போட்டுக் கலக்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பதற வேண்டாம். மண்டையோடு அவரே வரைந்தது. 'ஜிப்சம், தொடாதே' என்று எழுதி ஒட்டியவரும் அவர்தான். உள்ளே அவர் கொட்டி வைத்தது சர்க்கரை.

வீட்டில் ஒளிக்க வழியில்லை. சர்க்கரை பக்கத்துத் தெருவில் வரும்போதே மனைவியின் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் தான் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்தின் மேல்தட்டில், அசல் ஜிப்சம் டப்பாக்களோடு ஒன்றாக இதையும் உட்கார்த்தி வைத்தார். கூடத்துக்குத் தலைவியும் அதே மனைவிதான் என்பது மாமாவின் தலையெழுத்து.

அதற்காக உடம்பு ஒன்றும் கெட்டுவிடவில்லை. போன முறை டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "சர்க்கரை நல்லாக் குறைஞ்சிருக்கே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். சர்க்கரை தன் உடம்புக்கு ஒத்துக்கொண்டுவிட்டது என்று மாமா முடிவு கட்டினார்.

கடைக்காரன் மேல்தான் அவருக்கு வருத்தம். வரவர சர்க்கரையில் இனிப்பே இல்லை. ஒரு கரண்டி மூன்றானது அப்படித்தான். சரியாகக் கரைவதும் இல்லை, டம்ளரின் அடியில் வெள்ளையாக மண்டி நிற்கிறது. தண்ணீரில் மண் எப்படிப் படிகிறது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர், அந்த மண்டியை விரலால் வழித்து நக்கிக்கொண்டார்.

"என்னங்க, அலமாரிக்குப் பின்னாடி என்ன வேலை? ஒப்பந்தக்காரர் வந்துட்டார்."

"இதோ வந்துட்டேன் மேடம்." கூடத்துக்குள் இருக்கும்வரை மனைவி மேடம். வாசலைத் தாண்டினால்தான் பழைய உறவு.

அன்று பெரிய நாள். பள்ளிக்கூடம் கட்ட ஒதுக்கிய இடம் முழுக்கக் கொழகொழக் களிமண். காலை வைத்தால் செருப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். மண் தோண்டப் போன வண்டி கழுத்தளவு இறங்கி, டிரைவர் கூரை மேல் ஏறி நின்று வீட்டுக்குப் போன் செய்தாராம்.

அந்த மண்ணில் சிமெண்டும் ஜிப்சமும் கலந்தால் பாறையாகும் என்று மேடம் இரண்டு வருடமாக ஒற்றைக்காலில் நின்றார். கலந்த மண்ணை உருளையாக வார்த்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, ஈர அறையில் பல வாரம் தூங்கப் போட்டிருந்தார். இன்று அதை இயந்திரத்தில் வைத்து அழுத்த வேண்டும். தாங்கினால் பள்ளிக்கூடம் எழும். நொறுங்கினால் ஒப்பந்தக்காரர் வேறு இடம் பார்ப்பார், மேடத்தின் இரண்டு வருடமும் சேற்றோடு போகும்.

மேடம் பிளாஸ்டிக்கை உரித்துக்கொண்டே சொன்னார். "கலக்குற அன்னைக்கு ஜிப்சம் டப்பா எல்லாம் காலிங்க. மேல்தட்டுல மண்டையோடு போட்டு ஒண்ணு இருந்துச்சு, அதைத்தான் எடுத்துப் போட்டேன்."

மாமாவின் வயிற்றுக்குள் அந்த வண்டி இறங்கியது. சிமெண்டில் ஒரு பிடி சர்க்கரை விழுந்தால் போதும், அது இறுகவே இறுகாது. இது அந்தக் கூடத்தின் காவல்காரருக்குக்கூடத் தெரியும்.

"எவ்வளவு போட்டே?" மேடம் என்ற சொல் மறந்துபோனது.

"தேவையான அளவுதான். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. இன்னும் ஒரு வாரம் தூங்கட்டுமே, பாவம்."

ஒப்பந்தக்காரர் சிரித்தார். "என்ன மாமா, நம்பிக்கை இல்லாதது உருளை மேலயா, மேடம் மேலயா?"

"எதைச் சொன்னாலும் ராத்திரி எனக்குச் சோறு கிடையாது." மாமா மனைவியின் பக்கம் திரும்பினார். "மேடம், நான் ஒரு உண்மையைச் சொல்லியாகணும்."

"அழுத்தி முடிச்சப்புறம் சொல்லுங்க."

இயந்திரம் முனகியது. முள் மெல்ல ஏறியது. மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றதைப் பாதி மூடிக்கொண்டார். வேண்டிய கோட்டை முள் தொட்டது, தாண்டியது, மேலும் போனது. உருளையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"பாறை தோத்துது போங்க," என்றார் ஒப்பந்தக்காரர். "நாளைக்கே வண்டிகளை அனுப்புறேன்." அவர் மேடத்தின் கையைக் குலுக்கிய குலுக்கலில் வளையல்கள் கைதட்டின.

மாமா உருளையைத் தட்டிப் பார்த்தார். சர்க்கரை போட்டும் சிமெண்ட் இறுகிவிட்டதே. பயம் போன வழியில் பெருமை வந்தது. உலகத்தில் இதுவரை யாருக்கும் எட்டாத உண்மை தன் ஒருவன் கையில் சிக்கியிருக்கிறது. பொன்னாடை, மேடை, மைக் எல்லாம் கண்முன் வந்து நின்றன.

மேடம் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்தார். மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "உருளை ஏன் இவ்வளவு கெட்டியாச்சுன்னு உனக்குத் தெரியாது. அந்த டப்பாவுல ஒரு ரகசியம் இருக்கு."

"அது கிடக்கட்டும், முதல்ல இதைக் குடிங்க." மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு நிஜச் சர்க்கரையே போட்டிருக்கேன், தினமும் ஜிப்சத்தையே குடிச்சா நாக்கு என்னத்துக்கு ஆகும்?"