தம்பின் ஸ்டேஷனில் ஒரு முகம்

“அண்ணே, அவர வண்டியிலருந்து எறக்கிடுங்க.”

ஏணி மேல் நின்றிருந்த கருணாகரன் குனிந்து பார்த்தார். கீழே அஞ்சலை. அவள் கண்கள் வீங்கியிருந்தன.

காஜா பேராங் ஊர்ச் சங்க மண்டபச் சுவர் முழுக்க அவர் வரைந்த படம். ரயில் நின்று போகும் தம்பின் என்ற சின்ன ஊர். அதன் ஸ்டேஷனில், ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் ஏற்றிப் போன வண்டி. பெட்டிகளுக்குள், போய்த் திரும்பாதவர்களின் முகங்கள். நாளை மெர்டேகா, சுதந்திர நாள். காலையில் திரை விலக்கி, மாலை போட்டு, சூடம் காட்டப் போகிறார்கள்.

“ஏன், உன் வீட்டுக்காரரு முகம் சரியா வரலியா?”

“அச்சு அசலா இருக்கு. அதான் சொல்றேன், எடுத்திடுங்க.”

கருணாகரனுக்கு எரிச்சல் வந்தது. கடைப் பலகை எழுதிப் பிழைப்பவர்தான்; ஆனால் இந்தப் படத்துக்கு உயிரைக் கொடுத்து உழைத்திருந்தார்.

“உன் மவதானே போட்டோ கொண்டாந்து குடுத்திச்சி? ‘எங்கப்பாவையும் போடுங்க மாமா’ன்னு கெஞ்சிச்சி.”

“அவ சின்னப் புள்ள. அவளுக்கு என்ன தெரியும்?”

அஞ்சலையின் நெற்றியில் இன்னும் பொட்டு இருந்தது. இத்தனை வருஷமாக ஊர் அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டது. ஓ, இதுதான் விஷயமா என்று கருணாகரன் நினைத்துக்கொண்டார். கோபம் போய்ப் பாவமாக இருந்தது. இறங்கி வந்தார்.

“தங்கச்சி, இன்னுமா அவருக்கு வழி பாத்துக்கிட்டிருக்கே?”

“அவரு வந்தாலும் வராட்டியும், மாலை மட்டும் விழக்கூடாதுண்ணே. நாளைக்கு எல்லாப் பொம்பளைங்களும் என்னையக் கட்டிப் புடிச்சி அழுவாங்க. என்னால தாங்க முடியாது.”

“படத்துல எறக்கிட்டா போனவரு வந்திடுவாரா? என் தம்பியும் அதே பெட்டியிலதான் நிக்கிறான். நான் அப்ப சிங்கப்பூர்ல மாட்டிக்கிட்டேன். வழியனுப்பக்கூட எனக்குக் குடுத்து வைக்கல. எனக்கு மட்டும் அவன எறக்கிவிட ஆச இல்லையா?”

அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவரு வண்டியில ஏறவே இல்லண்ணே. ஜப்பான்காரனுக்கு ஆள் புடிச்சிக் குடுத்தாரு, அவன் ஓடுனப்ப இவரும் ஓடிட்டாரு. கடைசி வண்டியில போயிட்டாருன்னு நான்தான் ஊருக்குப் பொய் சொல்லி வச்சேன். அன்னிக்கு ஸ்டேஷனுக்கு நான் சோறு கொண்டுபோயிருந்தேன். வரமாட்டேன்னு அழுத உங்க தம்பிய, முடியப் புடிச்சி இழுத்து ஏத்துனதே அவருதான்.”