அபேனாவின் படகு

"இன்னா மாமு, அபேனா படக வித்துட்டாளா இல்லியா? நேத்து கதைய பாதியில நிறுத்திக்கினு பூட்ட."

வலையை மடியில் இழுத்துப் போட்டபடி ஜெயவேல் கேட்டான். வல்லரசு கண்ணாடியைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

காத்திவாக்கம் கரையில் அது பழைய வழக்கம். வலை பின்னும் கொட்டகையில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடி கிழிசலைப் பின்னுவார்கள். வாசிக்கிறவர் பங்கு வலையையும் அவர்களே பின்னிவிடுவார்கள். அவருக்கு மீன் பங்கு குறையாது. முன்பெல்லாம் தினத்தாள்தான். எண்ணூரில் புதுத் துறைமுகம் வந்ததிலிருந்து, துறைமுகம் வந்த மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. முதலில் கானா நாட்டு வரலாறு. கோகோ விலை விழுந்த கட்டம் வந்தபோது, தங்கள் இறால் விலையே விழுந்த மாதிரி வியாபாரிகளைத் திட்டித் தீர்த்தார்கள். அடுத்ததாக, அந்த நாட்டு மீன்காரி அபேனாவைப் பற்றிய நாவல்.

வல்லரசுக்கு இந்த வழக்கம்தான் சோறு போட்டது. காசிமேட்டு விசைப்படகில் வேலை செய்தபோது, வலை இழுக்கும் இயந்திரம் அவனது வலது கை விரல்களை நசுக்கி எடுத்துவிட்டது. பின்ன முடியாது. சும்மா கொடுத்தால் வாங்கவும் மாட்டான், ரோஷக்காரன். வாசித்துவிட்டு வாங்குவதில் மட்டும் அவனுக்குக் கூச்சமில்லை. ஆனால் இந்த நாவல் முடிந்ததும் கொட்டகைக்கு ஒரு ரேடியோ வாங்கிவிடலாம் என்று, கூட வலை பின்னும் ரகுபதி ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். ரேடியோ வந்தால் வாசிக்க ஆள் எதற்கு?

அதனால்தான் அந்தத் திருட்டுத்தனம். நாவல் கடைசிப் பக்கத்துக்கு வந்து நாளாகிவிட்டது. அந்தப் பக்கத்தை வாசிக்காமல் திறந்து வைத்துக்கொண்டு அவன் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தான். அபேனா கருவாட்டுக் கடை போட்டாள், கப்பல்காரனோடு மல்லுக்கு நின்றாள், மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். எதுவும் புத்தகத்தில் இல்லை.

இன்று சரக்கும் தீர்ந்துவிட்டது. அதைவிட, நம்பிக் கேட்கிறவர்களை ஏமாற்றுவது மீன்முள்ளாக உறுத்தியது.

"அவ்ளோதான். கதை முடிஞ்சிபோச்சி," என்று புத்தகத்தை மூடினான். "ரேடியோ வாங்கிக்கோங்க. நான் கெளம்புறேன்."

ரகுபதி கையை நீட்டி, வல்லரசு பங்கு வலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"குந்து மாமு," என்றான் ஜெயவேல், தலை நிமிராமல். "எம் பொண்ணுக்கு காலேஜுல அதே புக்குதான் பாடம். எங்க எல்லாருக்கும் எப்பவோ படிச்சி காட்டிட்டா. கடைசிப் பக்கத்துல அபேனா படக வித்துட்டு ஊர வுட்டே பூட்றா. நீதான் அவள போவ வுடாம கரையிலயே வெச்சிகினு கீற."

வலை ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டான்.

"உன்ன மட்டும் நாங்க போவ வுட்டுருவமா? சொல்லு, நாளைக்கு அவ படகு கடலுக்குப் போவுதா இல்லியா?"