கழற்றிய கீபோர்டு

“அவரு அடிச்சது ஒரு எழுத்துகூட இதுல இருக்கக் கூடாது, கண்ணு,” என்று இறந்துபோன கணவரின் லேப்டாப்பைக் கொடுத்தாள் கிருஷ்ணகுமாரி. செம்மேட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் காமிலா எல்லாவற்றையும் அழித்துவிட்டு, “இனி ஒரு எழுத்துகூட இல்லைங்க, மேடம்,” என்று சொல்லி, புதிதாக லினக்ஸ் ஏற்றினாள்.

புது பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் பட்டன்கள் சிக்கிக்கொண்டன. கீபோர்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அலமாரியில் வேறொன்றைத் தேடினாள்.

அதற்குள் திரையில் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. லேப்டாப் மறுபடி கேட்டது. மறுபடியும் விழுந்தன. இரண்டும் பொருந்தியதால் ஏற்றுக்கொண்டது.

“என்ன பாஸ்வேர்டுன்னு எனக்கே தெரியாதுங்க, மேடம். முதல்ல இருந்து போடணும்,” என்று மாற்றுக் கீபோர்டை மாட்டினாள் காமிலா.

கிருஷ்ணகுமாரி அதைத் தன் பக்கம் இழுத்து, கணவர் வைத்திருந்த பழைய பாஸ்வேர்டை மெல்ல அடித்தாள். லேப்டாப் திறந்துகொண்டது.

“ஒரு எழுத்துகூட இல்லைன்னு சொன்னியே, கண்ணு,” என்றாள்.