மூன்றாவது கேள்வி

“ஜூலை பத்து, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. கொடைக்கானல் நம்பர்லேருந்து நீங்களே கூப்பிட்டு, உங்க நாற்பது கிராம் கோல்டையும் வித்திருக்கீங்க, மேடம்.”

“நான் கூப்பிடலைங்க! அன்னைக்குப் பூராம் மேல்மலையில எங்க போளூர்ல பூண்டு பிடுங்கிக்கிட்டு இருந்தேன்.”

“எங்க சிஸ்டத்துல நீங்கன்னுதான் இருக்கு, மேடம்.”

2008 ஜூலை 17, மாலை நாலரை மணி. கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்கு எதிரே மயில்சாமியின் டெலிபோன் பூத்தில் ரிசீவரைப் பிடித்தபடி நின்றாள் அன்னக்கொடி. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, துணைக்கு வந்த நாத்தனார் சுந்தராம்பாள்.

அந்தக் கம்பெனி விற்றது கையில் தராத பவுன். பணம் கட்டினால் கணக்கில் கிராம் ஏறும். விற்க நினைத்தால் போனில் மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். திருடன் உடைக்க முடியாத பெட்டி என்று சொல்லித்தான் பழனியிலிருந்து வந்த ஏஜெண்ட் அவளைச் சேர்த்துவிட்டான். மூன்று வருடப் பூண்டு அதற்குள் இருந்தது. மகள் தாரணிக்கு மதுரையில் நர்சிங் சீட். திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்.

காலையில் கடிதம் வந்தது: ‘உங்கள் விற்பனைக்கு நன்றி.’ யாரோ கணக்குக்குள் புகுந்திருந்தார்கள். விற்ற ஏழாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, விற்றவர் போனில் சொன்ன பேங்க் கணக்குக்குப் பணம் போய்விடும். அதற்குள் கணக்குக்காரர் பேசினால் நிறுத்தலாம். இன்று ஏழாம் நாள்.

இது நாலாவது அழைப்பு. முதல் மூன்றிலும் பாட்டுப் போட்டு, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று சொல்லிச் சொல்லியே துண்டித்துவிட்டார்கள்.

“முக்கியம்னா எடுத்துப் பேச வேண்டியதுதானே!” என்று அவள் மயில்சாமியிடம் கேட்டிருந்தாள், ஏதோ அவர்தான் பாட்டுப் போட்டவர் மாதிரி.

இப்போது சுமலதா என்ற பெண் கிடைத்திருந்தாள். கணக்கு எண் சரி. பிறந்த தேதி சரி.

“மூணாவது கேள்வி. உங்க கணவர் பெயர்?”

கல்யாணமாகி இருபது வருடத்தில் அன்னக்கொடி அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கடையில்கூட ‘பவுனு’ என்றுதான் கேட்பாள். தங்கம் என்ற சொல்லே வாயில் வராது.

“பழனியில சாமி எந்தத் தேர்ல வருவாரு? அது முன்பாதி. சிப்பிக்குள்ள கெடக்குமே, அது பின்பாதி.”

“புதிரெல்லாம் எடுக்க முடியாது, மேடம். பேரை நீங்களே சொல்லணும்.”

“சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்ங்க.”

“எங்ககிட்ட அந்த ஆப்ஷன் இல்லை, மேடம். உங்க சிரமத்துக்கு வருந்துறோம்.”

“பவுனு போறது என்னுது. நீ என்னத்துக்கு வருந்துற? நிறுத்துன்னா நிறுத்த வேண்டியதுதானே!”

“பெயர் சொன்னாத்தான் புகாரே பதிய முடியும், மேடம்.”

சுந்தராம்பாளுக்குப் பொங்கியது. “இவளுககிட்ட என்னடி பேச்சு? களவு குடுத்தவளையே கள்ளி மாதிரி கேக்குறாளுக! வையி போனை. கடைசி பஸ்ஸையும் விட்டுட்டு இந்தக் குளிர்ல எங்க கெடக்கிறது? நாளைக்கு வெள்ளனே பழனிக்குப் போயி அந்த ஏஜெண்டு சட்டையைப் பிடிப்போம்.”

“நாளைக்குன்னா பவுனு போயிரும், மதினி.”

“அவ பேச்சை விடு. முருகன் பாத்துக்குவான்.”

மயில்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பத்தைந்து. “ஆம்பளைக் குரல்னா கண்டுபிடிச்சிருவாங்க, இல்லாட்டி நானே சொல்லிருவேன். தாயீ, நீங்க அவருக்குக் கூடப்பொறந்த அக்காதானே? தம்பி பேரைச் சொல்ல உங்களுக்கு என்ன?”

அன்னக்கொடி ரிசீவரின் வாயைப் பொத்தினாள். அவள் கண் நிறைந்திருந்தது. “ஆமா மதினி, எனக்காக நீங்க சொல்லுங்க. புள்ளை படிப்பு மதினி.”

“நான் எதுக்குடி... அவ கேட்டது உன்னைய.”

“உங்க தம்பி மகதானே மதினி அவ!”

ரிசீவரை நாத்தனாரின் கையில் திணித்தாள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள மயில்சாமி பேனாவை எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா? உங்க கணவர் பெயர்?”

சுந்தராம்பாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எரிச்சலோடு ஒரே மூச்சில் சொன்னாள்:

“தங்கமுத்து, தங்கமுத்து, தங்கமுத்து. போதுமா ராசாத்தி?”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பூத் முழுக்க அந்தக் குரல் பரவியது.

“சரியா இருக்கு, மேடம். இதுக்கா இவ்வளவு நேரம்? போன வியாழக்கிழமையும் உங்க போனை நான்தான் எடுத்தேன். அன்னைக்கும் இப்படித்தான் மூணு தரம் சொல்லிட்டு, ‘போதுமா ராசாத்தி’ன்னீங்க. இப்ப வித்தது நான் இல்லைன்னா எப்படி, மேடம்?”

சுந்தராம்பாள் ரிசீவரை வைக்கப் போனாள். அன்னக்கொடி அதைப் பிடுங்கினாள்.

“அது என் நாத்தனா குரலு. நான்தான் அன்னக்கொடி பேசுறேன். என் வீட்டுக்காரர் பேரு தங்கமுத்து. வித்ததை நிறுத்து.”

நாலு ஐம்பத்திரண்டுக்கு விற்பனை நிறுத்தப்பட்டது.