விட்டுப்போன புள்ளி

ஆஸ்பத்திரிக் கணினியில் இருக்கும் படங்களை டாக்டர் வீட்டுத் திரைக்குச் சுமந்துபோவது ஒரு கேபிளின் வேலை. அதற்கு அலுத்துப்போயிருந்தது. படத்தை முழுசாகக் கொண்டுபோனால், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று திரை எரிந்து விழும். அதனால் வழியிலேயே சின்னப் புள்ளிகளை உதறிவிட்டு ஓடும். காலியான இடத்தில் திரை பக்கத்து நிறத்தை இழுத்துப் பூசிக்கொள்ளும். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அன்று கணினி ஒரு அம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரேயை நீட்டியது. "ஒரு புள்ளி குறையாம கொண்டு போப்பா. மெதுவாப் போனாலும் பரவாயில்லை."

"தினமும் இதைத்தானே சொல்றீங்க," என்று முனகிக்கொண்டே கேபிள் கிளம்பியது. பாதி வழியில் திரையின் அதட்டல் கேட்டது. வழக்கம்போலச் சுமையைக் குறைத்தது. நுரையீரல் ஓரத்தில் தூசு மாதிரி ஒட்டியிருந்த வெள்ளைப் புள்ளியும் அதோடு போனது.

திரை பூசி மெழுகிப் பளிச்சென்று காட்டியது. டாக்டர் உற்றுப் பார்த்துவிட்டு போனை எடுத்தார். "ஒண்ணும் இல்லை, சுத்தமா இருக்கு. அந்தம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

"பார்த்தியா, டாக்டருக்கே திருப்தி!" என்றது திரை.

அந்த வெள்ளைப் புள்ளி வெறும் தூசுதான் என்று கேபிள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. எங்கே உதறினோம் என்று யோசிப்பதற்குள் அடுத்த எக்ஸ்ரே தோளில் ஏறிவிட்டது.