வெற்றிக் கல்

போருக்குப் புறப்படும்போதே வெற்றிக் கல்வெட்டைச் செதுக்கி எடுத்துவந்த இளம் அரசர், தோற்றுத் திரும்பும்போதும் அதை விடவில்லை. எட்டுப் பேர் அதைச் சுமந்தார்கள். பனியில் கிடந்த காயம்பட்டவர்களைத் தூக்க ஆளில்லை.

"கல்லைப் போட்டுவிட்டு ஆட்களைத் தூக்கச் சொல்லுங்கள், மகாராஜா!" என்றார் தளபதி கஜபீர்.

"'கோட்டை வென்றான்' என்று இருக்கிறதே! எதிரி படித்தால் சிரிப்பான்."

"சிரித்துத் தொலைக்கட்டும்!"

"ஓர் எழுத்துதான் பிரபு," என்றான் சிற்பி. "'கோட்டை சென்றான்' என்று ஆக்கிவிடலாம்."

அரசர் முகம் மலர்ந்தது. கல்லை இறக்கினார்கள். உளிச் சத்தத்தோடு, மேலே கணவாயில் எதிரியின் கொம்பும் கேட்டது.

கஜபீர் குனிந்து, கால் முறிந்த வீரன் ஒருவனைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"முடிந்ததும் வாருங்கள், மகாராஜா."

கல் சுமந்த எட்டுப் பேரும் ஆளுக்கொருவனைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினார்கள். அரசர் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.