படகுக்கு வைத்த பேர்

ஆலாப் பறவைகள் தலைக்குமேல் வட்டமிட, தூத்துக்குடிக் கடலில் டால்பின் கூட்டம் தென்பட்டது. வழக்கம்போல் அதே விசில் சத்தம்.

"கேட்டியளா? எங்க படகுக்கு அதுவ வச்ச பேரு இது. வேற எந்தப் படகையும் இப்படிக் கூப்பிடாது!" ஜெசிந்தா வருஷக்கணக்காகப் பயணிகளிடம் அடித்துவரும் பெருமை. இன்று அதற்குச் சாட்சியாக, புதிதாக வாங்கிய டால்பின் மொழிபெயர்ப்புக் கருவியையும் கடலில் இறக்கியிருந்தாள்.

மறுபடி விசில் எழுந்தது. கருவியின் ஒலிபெருக்கி தெளிவான தமிழில் பேசியது: "குட்டியை அறுத்த படகு வருகிறது. பிள்ளைகளை மறையுங்கள்."

கைதட்டத் தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. ஜெசிந்தா படகோட்டும் புருஷன் மிக்கேலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க... என்ன சொல்லுது இது?"

மிக்கேல் அவள் முகத்தைப் பார்க்காமல் என்ஜினை அணைத்தான்.

"நின்றுவிட்டது" என்றது ஒலிபெருக்கி. "அன்றைக்கும் இப்படித்தான் நின்றது. பார்த்துவிட்டுப் போய்விட்டது."